அலுவலகத் தபாலை ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"இனிமே தபால் எல்லாம் நீங்களே பார்த்துக்கோங்க" என்று உங்களிடம் சொல்லிவிட்டார்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நடுத்தர கம்பெனிகள் பலவற்றில் தபால் பிரிவு என்று தனியாக ஒன்று கிடையாது. வரவேற்பு மேஜையில் ஒரு தட்டு இருக்கும். கவர்கள் அதில் குவியும். அந்தப் பக்கம் போகிறவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொள்வார்கள். எடுத்தவர் யார், எப்போது எடுத்தார் என்று கேட்டால் பதில் வராது.

கோவையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் இந்த வேலை என் கைக்கு வந்தபோது, உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அஞ்சலகக் கவுண்ட்டரில் கொஞ்சம், வக்கீல் குமாஸ்தாவிடம் கொஞ்சம், அரசு அலுவலகத்தில் தபால் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் நிறைய என்று துண்டு துண்டாகக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

கீழே சொல்வது எல்லாமே ஒரே விதியிலிருந்து கிளைத்தது. கம்பெனிக்குள் வந்த எந்தக் காகிதமும் எந்த நேரத்திலும் யாரோ ஒருவருடைய பெயரில் இருக்க வேண்டும். வாங்கியவர், பதிந்தவர், பெற்றுக்கொண்டவர் என்று கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் தேதியும் கையெழுத்தும் விழ வேண்டும். இருபது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கும் சரி, முந்நூறு பேர் வேலை செய்யும் ஆலைக்கும் சரி, இது பொருந்தும். முழுவதும் நடைமுறைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் போனால் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள்.

1. தபால் எந்தெந்த முகவரிக்கு வருகிறது என்று முதலில் பாருங்கள்

பதிவேடு வாங்க கடைக்கு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கம்பெனிக்கு ஒரே முகவரிதான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அரசுப் பதிவுகளில் மூன்று நான்கு இருக்கும். கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள பதிவு அலுவலக முகவரி, ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழில் உள்ள முதன்மை இடமும் கூடுதல் இடங்களும், பிஎஃப், இஎஸ்ஐ, தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வங்கிக் கணக்குகள், காப்பீட்டு பாலிசிகள் என்று ஒவ்வொன்றையும் கணக்குப் பிரிவிடம் கேட்டு நகல் வாங்குங்கள். ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல கம்பெனிகளின் பதிவு அலுவலகம் முதலாளியின் பழைய வீடாகவோ ஆடிட்டரின் அலுவலகமாகவோ இருக்கும். வக்கீல் நோட்டீஸ், நீதிமன்ற சம்மன், கடன்காரர் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் போகும். அங்கே வாங்கி வைப்பவருக்கு அதன் அவசரம் தெரியாது. கம்பெனிகள் சட்டம் 2013இன் 12ஆவது பிரிவு, கம்பெனிக்கு வரும் கடிதங்களையும் நோட்டீசுகளையும் பெற்று ஒப்புகை தரக்கூடிய பதிவு அலுவலகம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே "அந்த வீட்டுல இப்ப யாரும் இல்லைங்க" என்ற சமாதானம் எங்கேயும் எடுபடாது.

முகவரி மாறியிருந்தால் உடனே கம்பெனிச் செயலாளரிடமோ ஆடிட்டரிடமோ சொல்லுங்கள். பதிவு அலுவலகம் மாறினால் 30 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவில் இடம் மாறினால் 15 நாளுக்குள் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். அது வரைக்கும் பழைய முகவரியில் உள்ளவரோடு பேசி, கவர் வந்த அன்றே போன் செய்து படம் அனுப்பச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை ஆள் போய் வாங்கிவருவது போதாது.

இன்னொன்று. ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆவது பிரிவின்படி நோட்டீஸ் தபாலில்தான் வர வேண்டும் என்றில்லை. பதிவு செய்த மின்னஞ்சலுக்கு அனுப்பினாலும் இணையதளத்தில் ஏற்றினாலும் அதுவும் முறைப்படி உங்களிடம் சேர்ப்பித்ததாகவே கணக்கு. எனவே அந்த மின்னஞ்சல் யாரிடம் இருக்கிறது, இணையதளத்தை யார் எந்தக் கிழமை திறந்து பார்க்கிறார் என்பதையும் இதே தாளில் எழுதுங்கள். வேலையை விட்டுப் போன அக்கவுண்ட்டன்ட்டின் சொந்த மின்னஞ்சல் பதிவில் இருப்பது சர்வசாதாரணம். அதை இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள்.

2. அஞ்சலகத்தில் அதிகாரக் கடிதம்

உங்கள் பகுதிக்குத் தபால் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம் எது என்று தபால்காரரிடமே கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் அஞ்சலகமாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பல சின்ன அஞ்சலகங்களில் பட்டுவாடா கிடையாது. அங்குள்ள போஸ்ட்மாஸ்டருக்கு கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுங்கள். கம்பெனி பெயருக்கும் இயக்குநர்கள் பெயருக்கும் வரும் விரைவுத் தபால், பார்சல்களைப் பெற்றுக் கையொப்பமிட இன்னார் இன்னாருக்கு அதிகாரம் என்று எழுதி, இரண்டு பேருடைய மாதிரிக் கையொப்பம், அடையாள அட்டை நகல், கம்பெனி முத்திரை ஆகியவற்றை இணையுங்கள். நகல் ஒன்றில் அஞ்சலக முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். செலவு எதுவும் இல்லை.

கடிதத்தில் ஒரே ஒருவர் பெயரை மட்டும் போடாதீர்கள். அவர் லீவில் போன அன்றைக்குத்தான் முக்கியமான கவர் வரும்.

தபால்காரர் வந்தபோது வாங்க ஆள் இல்லை என்றால் கவர் அஞ்சலகத்துக்குத் திரும்பும். அங்கே அதிகபட்சம் ஏழு நாள் வைத்திருப்பார்கள். பிறகு அனுப்பியவருக்கே போய்விடும். ஆயுத பூஜை, பொங்கல் போன்ற தொடர் விடுமுறைக்கு ஆலையை மூடும்போது இதை மறந்துவிடாதீர்கள். விடுமுறைக்கு முன்பே தபால்காரரிடம் சொல்லி, திறந்த அன்று காலையில் ஆளை அஞ்சலகத்துக்கு அனுப்பினால் பிரச்சினை இல்லை.

கைபேசி எண் விஷயத்திலும் கவனம் வேண்டும். கூரியர்களைப் போலவே இப்போது விரைவுத் தபாலிலும் ஓடிபி சொன்னால்தான் கவரைத் தரும் வசதி வந்திருக்கிறது. ஓடிபி பெறுநரின் எண்ணுக்குப் போகும். கவரில் எழுதியிருப்பது மேலாளரின் சொந்த எண், அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றால் கவர் திரும்பிப் போகும். தபால் மேஜைக்கென்று ஒரு சிம் வாங்கி, சப்ளையர்களுக்கும் வங்கிக்கும் அந்த எண்ணையே கொடுங்கள். குறைந்தபட்ச ரீசார்ஜ் போதும்.

3. வாங்க வேண்டியவை

பெரிய செலவில்லை. தானாக மை படியும் தேதி முத்திரை சில நூறு ரூபாய். கெட்டி அட்டை போட்ட நீளப் பதிவேடு மூன்று: வரவு, அனுப்புகை, உள்ளூர் கைத்தபால். சின்ன எலக்ட்ரானிக் தராசு ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பூட்டுப் போட்ட அலமாரி அல்லது இழுப்பறை ஒன்று. பிரிவு வாரியாக அறை பிரித்த மரத் தட்டு. சிவப்பு ஸ்டிக்கர். ஸ்கேனர் அநேகமாக அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும்.

முத்திரை செய்யக் கொடுக்கும்போது கம்பெனி பெயர், "பெறப்பட்டது", தேதி, நேரம், வரவு எண், கையொப்பம் ஆகியவற்றோடு "உள்ளடக்கம் சரிபார்க்கப்படவில்லை" என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். நேரில் கடிதம் கொண்டு வருபவர்கள் தங்கள் நகலில் முத்திரை கேட்பார்கள். "இணைப்பு: ஒரிஜினல் இன்வாய்ஸ் 14" என்று அதில் இருக்கும், உள்ளே பன்னிரண்டுதான் இருக்கும். அந்த ஒரு வரி இருந்தால் பின்னால் வாக்குவாதம் வராது.

மென்பொருள் வாங்கலாமா என்று கேட்பார்கள். நாளைக்கு நூறு கவருக்கு மேல் வந்தால் யோசிக்கலாம். அதற்குக் குறைவென்றால் எக்செல் தாளும் காகிதப் பதிவேடும் சேர்ந்தே போதும் என்பது என் கருத்து. எக்செல் தேடுவதற்கு, காகிதம் கையெழுத்துக்கு.

4. வாங்கும் இடம்

செக்யூரிட்டி அண்ணன்தான் உங்கள் முதல் தபால் எழுத்தர். மாலை ஆறு மணிக்கு மேலும் சனிக்கிழமை மதியத்துக்கு மேலும் வருவதை அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார். அவர் கையெழுத்துப் போட்ட நாள்தான் கம்பெனிக்குக் கிடைத்த நாள். திங்கட்கிழமை உங்கள் மேஜைக்கு வந்தாலும் கணக்கு சனிக்கிழமையிலிருந்துதான் ஓடும். ஆகவே கேட்டில் ஒரு நோட்டு வைத்து, வந்த தேதி, நேரம், கூரியர் பெயர், கவர் எண் (டிராக்கிங் நம்பர்), யாருக்கு என்ற ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் காலை முதல் வேலையாக அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கவர்களை வாங்குங்கள். ஷிப்ட் மாறும்போது அடுத்தவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதைப் பொறுமையாக, மரியாதையாகச் செய்யுங்கள். கேட்டில் இருப்பவர் மனது வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கிழிந்த கவர், நனைந்த பார்சல், பிரித்து ஒட்டிய அடையாளம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே கைபேசியில் படம் எடுக்க வேண்டும். கூரியர்காரரின் கருவியில் விரலால் கையெழுத்துப் போடும்போது குறிப்பு எழுத இடம் இருக்காது. அந்தப் படம்தான் சாட்சி. "டு பே" என்று பணம் கேட்கும் பார்சலை, சம்பந்தப்பட்ட பிரிவு ஒப்புக்கொள்ளாமல் வாங்கக் கூடாது. அனுப்பியவர் பெயரே இல்லாமல் எண்ணெய்க் கறையோடு, வினோத வாசனையோடு, பொடி கசிந்து ஏதாவது வந்தால் அசைக்காமல் ஆட்களை விலக்கிவிட்டு 112க்குப் போன் செய்யுங்கள்.

5. திறப்பதும் முத்திரை இடுவதும்

எல்லாக் கவரையும் திறக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. "தனிப்பட்டது", "ரகசியம்" என்று எழுதியவை, ஊழியர் பெயருக்கு வங்கியிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ வருபவை, சம்பளம் சம்பந்தப்பட்டவை ஆகியவற்றைத் திறக்காமல் கவர் மேல் முத்திரை இட்டுப் பதிந்து கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தப்புள்ளி, விலைப்புள்ளி என்று முத்திரை வைத்து வருபவற்றையும் திறக்கவே கூடாது. கவர் மேல் தேதியும் நேரமும் எழுதி, பர்ச்சேஸ் பிரிவின் பூட்டிய பெட்டியில் அன்றே சேர்த்துவிட வேண்டும்.

மற்றவற்றைத் திறந்ததும் கடிதத்தின் முதல் பக்கத்தில் காலியான இடத்தில் முத்திரை. இங்கே புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களைச் சொல்கிறேன். காசோலையில் முத்திரை இடவே கூடாது, ஸ்டேப்ளர் பின்னும் அடிக்கக் கூடாது. கீழே வெள்ளைப் பட்டையில் இருக்கும் எண்களைக் கருவி படிக்க வேண்டும். அதன் மேல் மை பட்டால் வங்கியில் சிக்கல். வங்கி உத்தரவாதப் பத்திரம், முத்திரைத்தாள் ஒப்பந்தம், பவர் பத்திரம், ஒரிஜினல் சான்றிதழ் எதிலும் முத்திரை படக் கூடாது. கூட வந்த கடிதத்தில் இடுங்கள். கடிதமே இல்லையென்றால் ஒரு துண்டுத் தாளில் முத்திரை இட்டு ஜெம் கிளிப்பால் சேர்த்து வையுங்கள்.

காசோலை வந்தால் எண், தேதி, வங்கி, தொகை நான்கையும் பதிவேட்டில் எழுதி அன்றே கணக்குப் பிரிவில் கையெழுத்து வாங்குங்கள். காசோலைக்கு அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் ஆயுள். அதில் ஒரு வாரத்தைத் தட்டில் கிடந்தே கழிய விடக்கூடாது.

கவரைத் தூக்கிப் போடாதீர்கள். அஞ்சலக முத்திரையில் உள்ள தேதி, கவர் எண், ஒட்டிய முகவரி மூன்றும் பின்னால் தேவைப்படும். வக்கீல், நீதிமன்றம், அரசுத் துறை, வங்கி ஆகியோரிடமிருந்து வந்த கவரைக் கடிதத்தோடு பின் பண்ணியே கொடுங்கள். மற்றவற்றின் கவரை ஒரு மாதம் கட்டி வைத்துவிட்டுக் கழித்துவிடலாம்.

6. வரவுப் பதிவேடு

தேவையான கட்டங்கள்: வரவு எண், தேதி, நேரம், வந்த வழி, கவர் எண், அனுப்பியவர், அவருடைய கடித எண்ணும் தேதியும், பொருள் ஒரே வரியில், இணைப்புகள் எத்தனை, எந்தப் பிரிவு, பெற்றவர் கையொப்பமும் தேதியும், கெடு, முடிந்த தேதி. ஆண்டுக்கு ஒரு முறை ஒன்றிலிருந்து தொடங்குங்கள். வ/2026/0001 என்பது போல எண் இருந்தால் தேடச் சுலபம். ஜனவரியா ஏப்ரலா என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டால் அதையே தொடருங்கள்.

"பொருள்" கட்டத்தில் "கடிதம்" என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் பயன்படாது. "மார்ச் பில் பாக்கி குறித்து நினைவூட்டல்" என்று எழுத அரை நிமிடம் அதிகம் ஆகும், அவ்வளவுதான். ஒயிட்னர் போடாதீர்கள். தவறை ஒரே கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இடுங்கள்.

விளம்பரத் தாள்கள், பத்திரிகைகளையெல்லாம் பதிய வேண்டாம். அதைச் செய்யப் போனால் சலித்துப்போய் முக்கியமானதும் விட்டுப்போகும்.

7. கெடு உள்ள தபால்

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது அச்செடுத்து மேஜையில் ஒட்டுங்கள். சில காகிதங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்தே நாள் எண்ணத் தொடங்கிவிடுகின்றன. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் போதும்.

வங்கியிலிருந்து வரும் காசோலை திரும்பிய மெமோ முதலாவது. வாடிக்கையாளர் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால், வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு. நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கட்ட அவருக்கு 15 நாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மெமோ சின்னத் துண்டுச் சீட்டாக, வங்கி அறிக்கைகளுக்கு நடுவே சொருகி வரும். "பேங்க் பேப்பர்தானே" என்று யாரோ ஒதுக்கி வைத்தால் லட்சக்கணக்கில் வர வேண்டிய பணத்துக்கான பிடி நழுவிவிடும். இதே நோட்டீஸ் உங்கள் கம்பெனிக்கே வந்தால் உங்களுக்கு இருப்பது அந்த 15 நாள்தான்.

சப்ளையர் பாக்கிக்காக 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 8ஆவது பிரிவின் கீழ் கேட்பு நோட்டீஸ் அனுப்பினால், கிடைத்த 10 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் அல்லது தகராறு இருப்பதைத் தெரிவிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் சட்டமே நாள் குறித்திருக்கும் கெடுக்களில் மிகக் குறுகியது இதுதான். உரிமையியல் வழக்கில் சம்மன் வந்தால் எதிருரை, அதாவது நம் தரப்பு எழுத்துப் பதில், தாக்கல் செய்யப் பொதுவான கெடு 30 நாள். நுகர்வோர் ஆணைய நோட்டீசுக்கும் 30 நாள்; ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15. ஜிஎஸ்டி உத்தரவு மீது மேல்முறையீடு செய்ய, உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். காரணம் கேட்கும் நோட்டீஸ் எந்தத் துறையிலிருந்து வந்தாலும் கெடு அதிலேயே எழுதியிருக்கும். நிதானமாகப் படியுங்கள், சில சமயம் அது ஏழு நாளாகவும் இருக்கும்.

இவற்றில் எது வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது: சிவப்பு ஸ்டிக்கர், கவரோடு சேர்த்து ஸ்கேன், பிரிவுத் தலைவருக்கும் அவருக்கு மாற்றாக இருப்பவருக்கும் மின்னஞ்சல், இரண்டு பேருக்கும் போன், ஒரிஜினலை நேரில் கொடுத்துக் கையெழுத்து. எல்லாம் அன்றைக்கே. கடைசித் தேதி எது என்று நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டாம். அதைக் கணக்குப் பிரிவோ வக்கீலோ சொல்லட்டும். கிடைத்த தேதி சந்தேகமில்லாமல் இருக்க வேண்டும், அதற்கு நீங்கள் பொறுப்பு. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் நோட்டீசைப் படம் பிடித்துப் போடும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே தடுத்துவிடுங்கள். சம்பந்தமில்லாத ஐம்பது பேர் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியவர் பார்க்க மாட்டார்.

கெடு கட்டத்தில் தேதி நிரம்பி, "முடிந்த தேதி" காலியாக இருக்கும் வரிகளை வெள்ளிக்கிழமை மாலை ஒரு தாளில் எடுத்துப் பொது மேலாளரின் மேஜைக்கு அனுப்புங்கள். சில பிரிவுத் தலைவர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, தொடர்ந்து செய்யுங்கள். ஒரு மாதத்தில் அவர்களே கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

8. பிரிவுகளுக்குக் கொடுப்பது

ஒரு நாளைக்கு இரண்டு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், காலை 11.30, மாலை 4. அந்த நேரம் தெரிந்துவிட்டால் "எனக்கு ஏதாவது வந்துச்சா" என்று நாள் முழுக்க வந்து கேட்பது நின்றுபோகும். பிரிவுக்கு ஒருவர் மட்டுமே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அவர் இல்லாதபோது யார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் "அங்க வச்சிட்டுப் போங்க" என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். "சார், ஒரு கையெழுத்து மட்டும்" என்று நின்று வாங்கிவிடுங்கள்.

9. வெளியே அனுப்புவது

மாலை 3 மணிக்கு மேல் வரும் கவர் மறுநாள் போகும் என்று அறிவித்துவிடுங்கள். அவசரத்துக்கு வழி இருக்கிறது. பெரிய ரயில் நிலையங்களை ஒட்டிய ஆர்எம்எஸ் (ரயில்வே தபால் சேவை) அலுவலகங்களில் வழக்கமான நேரத்துக்குப் பிறகும் விரைவுத் தபால் பெறுவார்கள். நேரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் உங்கள் ஊர் கவுண்ட்டரில் கேட்டு எழுதி வையுங்கள்.

முதலில் ஒரு மாற்றத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை. விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். முன்பு பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீசுகளுக்கு இப்போது விரைவுத் தபாலில் "பதிவு" என்ற கூடுதல் வசதியைக் கேட்டு வாங்க வேண்டும். கூடுதலாக 5 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும். அப்போதுதான் பெறுநரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் கொடுப்பார்கள். கவுண்ட்டரில் நீங்கள் வாய் திறந்து கேட்காவிட்டால் சாதாரண விரைவுத் தபாலாகவே போய்விடும். பட்டுவாடா ஆனதற்கான சான்று வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேளுங்கள்.

2025 அக்டோபர் 1இல் கட்டணமும் மாறியது. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். அதைத் தாண்டி 250 கிராம் வரை உள்ளூருக்கு 24, வெளியூருக்குத் தூரத்தைப் பொறுத்து 59 முதல் 77 வரை. இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இங்கேதான் தராசு தன் விலையைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 4.7 கிராம் எடை. பெரிய பழுப்புக் கவரோடு சேர்த்தால் ஏழெட்டுத் தாளிலேயே 50 கிராமை எட்டிவிடும். இரண்டு பக்கமும் அச்சிட்டு, மடித்துச் சின்னக் கவரில் போட்டால் பல கடிதங்கள் முதல் படியிலேயே அடங்கும். மாதம் இருநூறு கவர் அனுப்பும் இடத்தில் இந்த வித்தியாசம் கண்ணில் படும்.

மாதந்தோறும் நிறைய அனுப்புகிறீர்கள் என்றால் தலைமை அஞ்சலகத்தில் மாதக் கடைசியில் பில் கட்டும் கணக்கு தொடங்குவது பற்றிக் கேளுங்கள். வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும். தனியார் கூரியரில் இரண்டு இடமாவது விலை கேட்டு ஒரு வருடத்துக்கு எழுதி வாங்குங்கள். பெரிய, ஆனால் லேசான பெட்டி என்றால் அவர்கள் எடை பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வரும் எண்ணையே கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். சட்ட நோட்டீசை மட்டும் கூரியரில் அனுப்பாதீர்கள். சரியான முகவரி எழுதி, முன்கட்டணம் செலுத்தி, பதிவோடு தபாலில் அனுப்பியதைச் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27ஆவது பிரிவு தரும் ஆதரவு கூரியருக்குக் கிடையாது.

அனுப்புகைப் பதிவேட்டில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. "ஒரு நம்பர் மட்டும் போட்டு வைங்க, லெட்டர் அப்புறம் தர்றேன்" என்பார்கள். முன்தேதியிட்டுக் கடிதம் அனுப்ப இதுதான் வழி. ஒரு முறை ஒப்புக்கொண்டால் பதிவேட்டுக்கு இருக்கும் மதிப்பே போய்விடும். கையெழுத்தான கடிதம் கையில் வந்த பிறகுதான் எண். இதை மேலாண்மையிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் அதைக் காட்டலாம்.

அஞ்சலக ரசீது வெப்பத்தாளில் அச்சாகிறது. சில மாதத்தில் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றே ஸ்கேன் செய்து, ஒளிநகல் எடுத்து அலுவலக நகலோடு சேருங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் நாட்டுக் குறி என்று மொத்தம் பதின்மூன்று இடம் கொண்ட கவர் எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் இணையத்தில் பார்த்து, பட்டுவாடா ஆன பக்கத்தை அச்செடுத்துவிடுங்கள். அந்த விவரம் இணையதளத்தில் நிரந்தரமாக இருக்காது.

உள்ளூர் அரசு அலுவலகத்துக்கு ஆள் மூலம் கொடுப்பதானால் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் அங்குள்ள தபால் பிரிவின் தேதி முத்திரையும் கையொப்பமும் வாங்க வேண்டும். நேரே அதிகாரியின் அறைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தால் கொடுத்ததற்குச் சான்று இருக்காது. மதிய உணவு நேரத்தைத் தவிர்த்து, காலை பதினொரு மணிக்கு மேல் போனால் காத்திருப்பு குறைவு.

10. திரும்பி வந்த கவர்

"மறுத்துவிட்டார்", "கதவு பூட்டியிருந்தது", "வீடு மாறிவிட்டார்" என்று தபால்காரர் எழுதித் திரும்பி வரும் கவரை ஒருபோதும் பிரிக்காதீர்கள். முகவரியைத் திருத்தி மறுபடி அனுப்பலாம் என்று உள்ளே இருப்பதை எடுப்பார்கள், கூடவே கூடாது. ஒட்டியது ஒட்டியபடி, அந்தக் குறிப்போடு இருக்கும் கவர்தான் நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய சான்று. தேதி எழுதி, பதிவேட்டில் குறித்து, வக்கீலுக்குத் தெரிவித்துவிட்டுப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். மறுபடி அனுப்ப வேண்டுமானால் அலுவலக நகலிலிருந்து புதுப் பிரதி எடுங்கள்.

11. எழுதி வைப்பதும் பாதுகாப்பதும்

மேலே சொன்னதையெல்லாம் உங்கள் அலுவலகத்துக்கு ஏற்ப இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, பொது மேலாளரின் கையெழுத்து வாங்குங்கள். பத்துப் பக்க நடைமுறைக் கையேடு எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். கையெழுத்து முக்கியம், அது இல்லாவிட்டால் "இவர் யார் எனக்குச் சொல்ல" என்பார்கள். ஒரு பிரதி கேட்டில், ஒன்று வரவேற்பில், ஒன்று உங்கள் மேஜையில்.

நீங்கள் லீவில் இருக்கும் நாளில் இந்த முறை நடக்கிறதா என்று பார்க்க, முன்கூட்டியே ஒரு நாள் மாற்று ஆளை உட்கார வைத்து நீங்கள் வேறு வேலை பாருங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று தெரிந்தால் அந்த வரியைத் தெளிவாகத் திருத்தி எழுதலாம்.

முடிந்த பதிவேடுகளை எத்தனை வருடம் வைப்பது என்பதில் ஆளுக்கொன்று சொல்வார்கள். கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். தபால் பதிவேடுகளையும் அதே அலமாரியில் அதே காலத்துக்கு வைத்துவிடுவது பாதுகாப்பு. வழக்கு நடக்கும் கடிதங்கள் உள்ள பதிவேட்டின் அட்டையில் வழக்கு எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, வழக்கு முடிந்துவிட்டதாக வக்கீல் எழுதிக் கொடுக்கும் வரை கழிக்காதீர்கள். பழைய பதிவேடுகளைத் தரையில் அடுக்காமல் மேல் தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டு என்றால் மழைக்காலத்தில் ஈரமும் கரையானும் வந்துவிடும்.